எத்தனை தாய்மரம்?
பழவேற்காட்டில் ஆய்வு தொடங்கும் தங்கைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்த பெண், அதே ஏரியில் நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரங்களின் மரபு வேற்றுமையை முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. "ஒரு இடத்துக்கு எத்தனை மரத்தில் இலை எடுக்கணும், எந்த மார்க்கர் போடணும்?" என்று இரண்டே கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை நிறைய இருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது. இதே வேலைக்கு இந்தக் கடற்கரையில் இறங்கப்போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

வெண்கண்டலை நீ பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாய். இருந்தாலும் இலை எடுக்கப் போவதற்கு முன் ஒரு வருஷம் அதைப் புதிதாகப் பார். கோடையில், உச்சி வெயிலில், ஒரு இலையைத் திருப்பு. அடிப்பக்கம் சாம்பல் பூத்ததுபோல வெளிறியிருக்கும். மேல்பக்கம் உப்புப் பொடி படிந்திருக்கும். நாக்கில் வைத்தால் தெரியும். இந்த மரம் கடல்நீரில் முக்கால் பங்கு உப்பு இருக்கும் தண்ணீரில் செழித்து வளரும். கடல்நீரைப் போல இரண்டரை மடங்கு உப்பு ஏறினாலும் தாங்கிக்கொள்ளும். உப்பின் பெரும்பங்கை வேரிலேயே தடுத்து நிறுத்திவிட்டு, மீறி உள்ளே வருவதில் 40 விழுக்காடு அளவை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. உன் கையில் ஒட்டுவது அந்த உப்புதான்.

அடுத்து, பூ. அரைச் சென்டிமீட்டர் இருக்கும், நாலு இதழ், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், லேசான தேன் வாசனை. படகில் போகிறவர் யாரும் நின்று பார்க்காத பூ. ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு சில நாள் தொடர்ந்து கவனித்தால், ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் பக்குவமாவதும், அது தீர்ந்த பிறகே சூல்முடி விரிவதும் தெரியும். தன் மகரந்தம் தனக்கே ஒட்டாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆனால் கொத்திலுள்ள பூக்கள் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. ஒரு பூ மகரந்தம் தரும் நிலையிலும் பக்கத்துப் பூ ஏற்கும் நிலையிலும் இருக்கும். தேனீ ஒரே மரத்தில் கிளைக்குக் கிளை தாவினால், மரம் தனக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அப்படி உருவாகும் கருக்கள் பாதியிலேயே அதிகமாக உதிர்ந்துவிடுவதை ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உதிராமல் தப்பியவை கன்றாகின்றன. பக்கத்தில் வேறு மரங்கள் நிறைய இருந்தால் தேனீ அங்கும் போகும். மூன்று மரம் மட்டும் தனியாக நிற்கும் திட்டில் அது எங்கே போகும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய் விழும். மரத்தில் இருக்கும்போதே உள்ளே கரு முளைத்திருக்கும். சுரபுன்னையின் காயைப்போல நீண்டு வெளியே தொங்காது, மெல்லிய தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். தண்ணீரில் விழுந்ததும் தோல் ஊறிக் கழன்றுவிடும். மடித்த இரண்டு தடித்த பச்சை வித்திலைகள், அடியில் மயிர் அடர்ந்த ஒரு முளைவேர். சேறு கிடைத்த இடத்தில் அந்த மயிர் பிடித்துக்கொள்ளும். சில காய்கள் மிதந்து தூரம் போகலாம். பெரும்பாலானவை தாய் நிற்கும் இடத்தைச் சுற்றியே வேர்விடுகின்றன.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார். மகரந்தம் தேனீ பறக்கும் தூரம்தான் போகிறது. காயில் பெரும்பகுதி அலை தள்ளும் தூரம்தான் போகிறது. ஆகவே ஒரே திட்டில் அடர்ந்து நிற்கும் நூறு மரங்கள் நாலைந்து தாயின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். கரையிலிருந்து பார்த்தால் நூறும் ஒரே பச்சை. உனக்கும் எனக்கும் அந்த வேறுபாடு கண்ணால் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் உன் ஆய்வு. இந்த ஆய்வில் நீ கேட்க வேண்டிய கேள்வியாக நான் நினைப்பது ஒன்றே ஒன்று: இந்தக் காட்டுக்கு எத்தனை தாய்மரம்? மார்க்கரும் மென்பொருளும் அந்தக் கேள்விக்குக் கருவிகள்.

உலகத்தில் மிகப் பரந்து கிடக்கும் அலையாத்தி இனம் இது. செங்கடலிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தொடங்கி ஆஸ்திரேலியாவின் தென்முனை, நியூசிலாந்து வரை பரவியிருக்கிறது. இவ்வளவு பரவலாக இருப்பதால் எங்கும் கலந்து ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஒருகாலத்தில் எண்ணினார்கள். 2000-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் மரங்களை மைக்ரோசாட்டிலைட் மார்க்கர் கொண்டு ஒப்பிட்டபோது, திட்டுக்குத் திட்டு மரபு கணிசமாகப் பிரிந்திருப்பதும், பரவல் எல்லையின் ஓரங்களில் நிற்கும் கூட்டங்களில் வேற்றுமை குறைந்து போயிருப்பதும் தெரியவந்தது. கடல் இணைக்கிறது என்று நாம் நினைக்கும் அளவுக்கு இந்த மரத்தைக் கடல் இணைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பழவேற்காடு முக்கியமாகிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகக் காடுகள் இருக்கின்றன. தெற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பிச்சாவரம், அதற்கும் தெற்கே முத்துப்பேட்டை. நடுவில் சிறு திட்டுகளாக நிற்பது பழவேற்காட்டு வெண்கண்டல். இவை வடக்கத்திக் காட்டின் பிள்ளைகளா, தெற்கத்திக் காட்டின் பிள்ளைகளா, இரண்டுக்கும் ஒட்டாமல் தனியாகப் பிரிந்து வாழ்ந்தவையா? நான் உன் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதல் அத்தியாயமாக வைப்பேன். வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் வருஷத்தில் திசை மாறும். மாசி, பங்குனியில் வடக்கு நோக்கி ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. வெண்கண்டல் காய் விழுவதும் அந்த மாதங்களில்தான். அப்படியானால் காய்கள் கிருஷ்ணாவிலிருந்து நம் பக்கம் வர வாய்ப்பு அதிகம், பிச்சாவரத்திலிருந்து வடக்கே ஏறிவர வாய்ப்பு குறைவு. இது என் ஊகம். உன் தரவு இதை உறுதிப்படுத்தினாலும் உடைத்தாலும் எனக்குச் சந்தோஷமே. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும், எந்தக் காற்றில் மிதப்பவை கரை ஒதுங்கும் என்பதை உன் வீட்டுப் பெரியவர்கள் வலை வைத்தே அறிந்தவர்கள். நீரோட்ட வரைபடத்தைக் கணினியில் திறப்பதற்கு முன் அவர்களிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்.

தமிழ்நாட்டில் இந்த வேலை உன்னிடம் தொடங்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன், கடல்மட்டம் உயர்ந்து வயலில் உப்பு ஏறினால் நெல்லுக்கு உப்பைத் தாங்கும் குணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியோடு அலையாத்திகளைக் கையில் எடுத்தார். தரமணியிலுள்ள அவருடைய ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவும் எம். பரணியும் அவர்கள் குழுவினரும் வெண்கண்டல் பேரினம், கழுதைமுள்ளி, தில்லை ஆகியவற்றின் இனத்துக்குள்ளான மரபு வேற்றுமையை டி.என்.ஏ. மார்க்கர் கொண்டு அளந்து 1997 முதல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். வெண்கண்டலிலிருந்து எடுத்த மரபணுக்களை நெல்லில் ஏற்றிப் பார்த்ததும் அங்கேதான். 2021-இல் புவனேஸ்வர் உயிர் அறிவியல் நிறுவனமும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனமும் சேர்ந்து வெண்கண்டலின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டன: 31 நிறப்புரிகள், 45 கோடிக்கு மேல் எழுத்துகள். அந்தக் கட்டுரையிலும் பரிதா, பரணி இருவர் பெயரும் உண்டு. அடுத்த வருஷமே பரிதா காலமானார். இந்தக் கட்டுரைகள் அத்தனையையும் படித்துவிட்டு வா. அவர்கள் அளந்ததும் எழுதியதும் உனக்குக் கிடைத்த சொத்து.

முழு மரபணுத் தொகுதி வந்துவிட்ட பிறகு நீ செய்ய என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கக்கூடும். தயங்காமல் பதில் சொல். அந்த 45 கோடி எழுத்து வெண்கண்டல் என்ற இனத்துக்கு ஒரு மேற்கோள் பிரதி. பழவேற்காட்டு மரம் அதிலிருந்து எங்கெங்கே மாறுகிறது, முத்துப்பேட்டை மரம் எங்கே மாறுகிறது என்பதை அந்தப் பிரதி மட்டும் சொல்லாது; ஒவ்வொரு ஊர்க் காட்டிலும் இலை எடுத்தால்தான் தெரியும். நம் ஏரியின் உப்பு நிலையாக நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஆரணியாறும் வடக்கே காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தில் ஏறக்குறைய நல்ல தண்ணீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் லிட்டருக்கு 50 கிராம் வரை உப்பு ஏறும். கடலிலேயே 35 கிராம்தான். ஒரே வருஷத்தில் இரண்டு எல்லையையும் கண்டு, அதிலும் பிழைத்து நிற்கும் மரங்கள் இவை. இதற்குள் ஏதோ இருக்கிறது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கக் கல் போட்டுத் தூண்டில் வளைவு அமைக்கும் பணியும் எடுக்கப்பட்டிருக்கிறது. மீனவர்களுக்கு அது வாழ்வாதாரக் கோரிக்கை, நியாயமான கோரிக்கை. வாய் திறந்தே இருந்தால் ஏரியின் உப்புக் கணக்கு மாறும், எந்தக் கன்று பிழைக்கிறது என்பதும் மாறும். மாறுவதற்கு முன் இருந்த நிலையை யாராவது பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் உன் ஆய்வு இந்த ஐந்து வருஷத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறேன்.

இனி களவேலை. இலை பறிக்கும் முன் ஒவ்வொரு திட்டுக்கும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது தானாக முளைத்ததா, நட்டதா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை நெடுக அலையாத்தி நடவு நடந்தது. நட்ட கன்றின் விதை எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு பல இடங்களில் இல்லை. வெளியூர் விதையில் வளர்ந்த திட்டில் இலை எடுத்துவிட்டு, "பழவேற்காட்டுக் காட்டு மரங்கள் தெற்கத்திக் கூட்டத்தை ஒத்திருக்கின்றன" என்று நீ எழுதினால், அடுத்த இருபது வருஷம் அதையே மேற்கோள் காட்டுவார்கள். நடவுக்கு அடையாளங்கள் உண்டு. மரங்கள் ஒரே வயதில், வரிசை பிடித்து நிற்கும். மீன்முள் வடிவத்தில் வெட்டிய வாய்க்கால் ஓரமாக இருக்கும். ஆனால் அடையாளத்தை மட்டும் நம்பாதே, ஊரைக் கேள். குப்பத்துப் பெரியவர்கள் "அது பாரஸ்ட்காரங்க வச்சது", "அது எங்க தாத்தா காலத்துல இருந்து நிக்குது" என்று ஒரே மூச்சில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

இருளர் பெண்களையும் கேள். இதை அழுத்திச் சொல்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போட்டுக்கொண்டே நகரும் அந்தப் பெண்களைவிட இந்தக் கண்டல் வேர்களின் ஓரத்தை அறிந்தவர் யாரும் இல்லை. எந்த ஓரத்தில் எந்த வருஷம் கன்று பிடித்தது, எது வெள்ளத்தில் போனது என்று அவர்கள் விரல்களுக்குத் தெரியும். படகும் வலையும் உள்ளவர்களிடம் மட்டும் பேசிவிட்டு ஊரைக் கேட்டாகிவிட்டது என்று எழுதுவது முழு உண்மையாகாது.

நல்ல தடுப்புவலை இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறையை நீ பார்த்து வளர்ந்தவள். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே நியாயம் வேண்டும். படகு நிற்கும் துறைக்குப் பக்கத்து மரம், கை எட்டும் மரம், செழிப்பான மரம் என்று மனசு தேடிப் போகும். விடாதே. திட்டின் வரைபடத்தில் கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி, வந்த கட்டத்துக்குப் போ. அங்கே குட்டையான, மாடு மேய்ந்த மரம்தான் இருக்கிறது என்றால் அதில்தான் இலை எடுக்க வேண்டும். 'பாடு' முறையில் இடம் கிடைக்காத மக்கள் இருந்ததையும் இருப்பதையும் நீ அறிவாய். உன் சீட்டில் எந்தத் திட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்.

உன் முதல் கேள்விக்கு இப்போது பதில். ஒரு திட்டுக்கு இருபத்தைந்து முதல் முப்பது மரம். மரத்துக்கு மரம் குறைந்தது இருபது, முப்பது மீட்டர் இடைவெளி. நெருங்கி நிற்பவை பெரும்பாலும் உடன்பிறந்தவையாக இருக்கும். திட்டே சிறியது, பதினைந்து மரம்தான் என்றால் பதினைந்தையும் எடு. விறகுக்கு வெட்டிய அடிமரத்திலிருந்து நாலைந்து தண்டு கிளம்பியிருக்கும். சேற்றில் கைவிட்டுத் தடவிப் பார்த்து ஒரே அடிமரம் என்றால் ஒன்றாக எண்ணு. கழுதைமுள்ளியையும் சேர்த்து எடுக்க நினைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: அதன் தண்டு சேற்றில் சாய்ந்த இடத்திலெல்லாம் வேர்விட்டு ஒரே செடி பல செடியாகத் தெரியும். தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்கும் மரத்தை மட்டும் எடுத்தால் பாதிக் கூட்டத்தை விட்டுவிடுவாய். அதன் பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்.

இளம் இலையாகப் பறி. உப்பையும் சேற்றையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே சிலிக்கா ஜெல் போட்ட உறைக்குள் வை. உறைமேல் பென்சிலால் எழுது, பேனா மை ஈரத்தில் கரையும். மரத்தின் எண், இடம், ஜி.பி.எஸ்., தேதி, அன்றைய நீரின் உப்பளவு, தானாக முளைத்ததா நட்டதா, சொன்னவர் யார் என்பவை அத்தனையும் வேண்டும். ஒவ்வொரு திட்டிலும் ஒரு கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பில் ஒப்படை. டி.என்.ஏ. கோப்பு அழியலாம், மென்பொருள் மாறலாம். தாளில் ஒட்டிய கிளை நூறு வருஷம் கழித்தும் சாட்சி சொல்லும்.

ஆய்வகத்தில் முதல் மாதம் சோர்வாக இருக்கும். அலையாத்தி இலையில் பீனால் சேர்மங்களும் பிசுபிசுப்பான பாலிசாக்கரைடுகளும் ஏராளம். சாதாரண சி.டேப். முறையில் போட்டால் டி.என்.ஏ. பழுப்பாக, கோந்து மாதிரி வரும், பி.சி.ஆர். ஓடாது. பி.வி.பி.யும் மெர்காப்டோஎத்தனாலும் அளவு கூட்டிச் சேர்த்து, உப்புச் செறிவை உயர்த்தி, இன்னொரு முறை கழுவினால் சரியாகும். பழுப்பான டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு "ஓரளவுக்கு வருகிறதே" என்று முன்னே போகாதே. எல்லா வரிசையும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கப்போகிறது.

மார்க்கர் பற்றிய உன் இரண்டாவது கேள்வி. தரமணிக் குழு அன்று பயன்படுத்திய ஆர்.ஏ.பி.டி. முறை அந்தக் காலத்துக்குச் சரி. இனத்தின் வரிசை எதுவும் தெரியாமலேயே செய்ய முடிந்தது, செலவும் குறைவு. ஆனால் ஒரு ஆய்வகத்தில் வந்த பட்டை இன்னொரு ஆய்வகத்தில் அதேபோல வராது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியில் ஒன்று வேறாக இருந்தால் அது காட்டவும் காட்டாது. மைக்ரோசாட்டிலைட் எடு. இந்த இனத்துக்கென்று உருவாக்கியவை ஏற்கெனவே இருக்கின்றன, முடிவுகளை வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியும். கையில் பணம் இருந்தால் எஸ்.என்.பி. அளவுக்குப் போ, மேற்கோள் மரபணுத் தொகுதி வந்துவிட்டதால் அது இப்போது எளிது. பணம் குறைவு என்றால் வருந்தாதே. பத்துப் பன்னிரண்டு நல்ல மைக்ரோசாட்டிலைட், சரியாக எடுத்த இலை, நேர்மையான களக்குறிப்பு மூன்றும் சேர்ந்தால் நான் மேலே வைத்த கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

பதில் வந்த பிறகு அதைப் பெரிதாக்கிச் சொல்லாமல் இருப்பதுதான் கடினம். மைக்ரோசாட்டிலைட் பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாத டி.என்.ஏ. துண்டுகளைப் பார்க்கிறது. யார் யாருக்கு உறவு, எவ்வளவு உட்கலப்பு, எந்தத் திட்டு எதிலிருந்து பிரிந்தது என்பதை நம்பிக்கையாகச் சொல்லும். பழவேற்காட்டு மரம் அதிக உப்பைத் தாங்கும் என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது, செலவில்லாத வழி. பத்துத் திட்டின் காய்களைத் தாய்வாரியாகப் பிரித்து, ஒரே நாற்றங்காலில், ஒரே மண்ணில், வெவ்வேறு உப்பளவுள்ள தண்ணீரில் வளர்த்துப் பார். எது வாடுகிறது, எது நிமிர்கிறது, எந்தத் தாயின் பிள்ளைகள் எல்லாத் தொட்டியிலும் பிழைக்கின்றன என்று இரண்டு வருஷம் அள. இந்த அத்தியாயத்தைச் சேர்க்காமல் ஆய்வேட்டை முடித்துவிடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு நெல் ஆராய்ச்சியாளர் ஒருவர் உன்னிடம் வந்து கேட்கப்போவது இந்த அட்டவணையைத்தான்.

இப்போது எனக்கு மனசு உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜூன் 5 அன்று ஒன்றிய அரசு மிஷ்டி திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் கடற்கரைகளில் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு வளர்ப்பது இலக்கு. தமிழ்நாட்டில் இருந்த அலையாத்திக் காடே 2021 வன அறிக்கையின்படி 45 சதுர கிலோமீட்டர்தான். எவ்வளவு பெரிய வேலை என்று பார்த்துக்கொள். நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த நடவு அறிக்கையை எடுத்தாலும் எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் கன்று, எத்தனை விழுக்காடு பிழைத்தது என்றுதான் இருக்கிறது. விதை எத்தனை மரத்தில் எடுத்தது என்ற வரி இல்லை. நாற்றங்காலுக்குக் காய் பொறுக்குகிறவர் என்ன செய்வார்? அன்றைக்கு நிறையக் காய்த்திருக்கும் மரத்தடியில் சாக்கை விரிப்பார். கூலி எடைக்குத்தானே? அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விளைவு, ஒரு லட்சம் கன்று ஐந்தாறு தாயின் வயிற்றிலிருந்து வந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து அவை தங்களுக்குள் பூத்துக் காய்க்கும்போது உட்கலப்பு தொடங்கும். அப்போது புதிதாக ஒரு நோயோ, ஒரு நீண்ட உப்பு வருஷமோ வந்தால், தாங்கும் குணமுள்ள ஒரு மரம்கூட அந்தக் கூட்டத்தில் இல்லாமல் போகலாம்.

வெளியூர் விதை கூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிறு திட்டு ஒன்று உட்கலப்பில் நலிந்திருந்தால், பக்கத்துக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் புது ரத்தம் சேர்ப்பது அதைக் காப்பாற்றும். எந்தத் திட்டு நலிந்திருக்கிறது, எந்தக் கூட்டம் பக்கத்துச் சொந்தம் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை அது. தெரியாமல் முத்துப்பேட்டையிலிருந்து லாரியில் காய் கொண்டுவந்து பழவேற்காட்டில் ஊன்றுவது, ஏரியின் சொந்த மரபைப் படிக்கும் முன்னே அதன்மேல் இன்னொன்றை எழுதுவதாகிவிடும். உன் முடிவு வரும்வரை இந்த ஏரியில் இந்த ஏரியின் காய் மட்டும் என்று வனத்துறையிடம் பேசு. முப்பது தாய்மரத்துக்குக் குறையாமல், திட்டுக்குத் திட்டு பிரித்து, ஒவ்வொரு தாயிலும் சம அளவில் காய் எடுக்கச் சொல். இதற்கு மரபணு ஆய்வகம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அனுமதி விஷயத்தில் குறுக்குவழி தேடாதே. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி எழுத்தில் வாங்கு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி உள்ளூர் மேலாண்மைக் குழுக்களும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். நீ போகும் ஊரில் அது இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் தொடங்க உதவு. இலை எடுக்கும் நாளுக்கு முந்தைய வாரமே ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று, என்ன எடுக்கிறேன், எதற்கு, யாருக்கு இது பயன்படும் என்று நம் தமிழில் சொல். வெண்கண்டல் மரபணுவில் காப்புரிமை பேசும் காலம் இது. ஏரிக்கரை மக்கள் பெயர் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரியாக முடிந்துவிடக் கூடாது. படகோட்டியவர், மரம் காட்டியவர், வயது சொன்னவர் யாரும் விட்டுப்போகாமல், அவர்கள் சம்மதத்தோடு எழுது. உன் நெறியாளர் வேண்டாம் என்றாலும் மரியாதையாக வாதாடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டம் கிடைக்கும்வரை காத்திருக்காமல், வருகிற ஐப்பசியிலேயே தாய்மரப் பதிவேடு ஒன்றைத் தொடங்கு. மரத்தின் எண், திட்டின் பெயர், இடக்குறிப்பு, தானாக முளைத்ததா நட்டதா, எந்த வருஷம் எத்தனை கிலோ காய் எடுத்தார்கள், அது எந்த நாற்றங்காலுக்குப் போனது, அங்கிருந்து எந்தக் கரைக்கு நட்டார்கள் என்று ஏழெட்டுப் பத்தி போதும். நாற்றங்கால் பையில் தாய்மரத்தின் எண்ணை ஒட்டச் சொல். பதிவேட்டின் ஒரு படி ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கட்டும், ஒன்று வனச்சரக அலுவலகத்தில், ஒன்று உன் துறையில். முதல் பக்கம் நிரம்பியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
கடற்கரைத் தாவரங்களைக் கற்பித்த ஒரு பழைய ஆசிரியர்